முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடைகளில் நேர்ந்த அனுபவங்களையும் போக விரும்பும் இடங்களையும் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து ஐந்து கேள்விகளாக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோரையும் ஊரால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்: மகளின் திருமணத்துக்காகச் செட்டியார் தெருவில் வாங்கிய மூன்று பவுண் சங்கிலி நான்கே மாதத்தில் கொக்கிக்கு அருகில் அறுந்துவிட்டது. கோபத்தில், அது போலித் தங்கம் என்று உறவினருக்கும் நண்பர்களுக்கும் கைத்தொலைபேசியில் எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது கடை முதலாளி வீடு தேடி வந்து, எழுதியதைத் திரும்பப் பெறும்படி கேட்கிறார். நான் அனுபவித்ததைத்தானே எழுதினேன்?

சங்கிலி அறுந்தது நீங்கள் அனுபவித்தது. அது போலித் தங்கம் என்பது நீங்கள் ஊகித்தது. முன்னதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பின்னதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

நல்ல தங்கமும் அறும். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தூய தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். 8 கிராம் கொண்ட ஒரு பவுணில் ஏறத்தாழ 7.33 கிராம் தூய தங்கம் இருக்கும். தூய்மை கூடக் கூடத் தங்கம் மென்மையாகும் என்பதால், கழுத்தில் நாள் முழுவதும் கிடந்து இழுபடும் மெல்லிய சங்கிலிக்குத் தேய்மானம் இயல்பானது. அதிலும் கொக்கியும் வளையமும் சேரும் இடம்தான் எந்தச் சங்கிலியிலும் பலவீனமானது. அங்கே பத்தர் பற்றாசு வைத்து ஊதி ஒட்டுகிறார். சூடு சரியாக ஏறாவிட்டால் பற்றாசு உள்ளே பரவாமல் மேலே மட்டும் பிடித்து நிற்கும், பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது, சில மாதங்களில் விட்டுவிடும். உங்கள் சங்கிலிக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். அப்படியானால் அது வேலைக் குறை. அதற்கு முதலாளி பொறுப்பேற்று, கூலி வாங்காமல் திருத்தித் தர வேண்டும்.

ஐயம் தீரவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள். உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் பழைய முறை இன்னும் இருக்கிறது. எக்ஸ் கதிர் இயந்திரத்தில் வைத்துச் சில நிமிடங்களில் கரட் அளவைக் காட்டும் வசதியும் வந்துவிட்டது. இயந்திரம் மேற்பரப்பையே படிக்கிறது என்பதால், அறுந்த முனையையும் நடுக் கண்ணிகளையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிலும் தங்கத்தின் தரத்தைச் சோதித்துக்கொள்ளலாம். முடிவு எதுவானாலும், உங்கள் முதல் செய்தி யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லோருக்கும் அந்த முடிவையும் அனுப்புங்கள். முதலாளி கேட்பதுபோல் எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. சங்கிலி அறுந்தது நிற்கட்டும். போலி என்ற சொல்லை மட்டும், சோதனை அதை மெய்ப்பிக்காவிட்டால், எடுத்துவிடுங்கள்.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் திருகோணமலையில் ஒரு சிறு தங்குவிடுதியில் இரண்டு இரவுகள் தங்கினேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. கேட்டால், வரும் வரும் என்றார்கள். கொழும்புக்குத் திரும்பியதும், விருந்தினரைப் பற்றிக் கவலையில்லாத இடம் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். அந்த வாரம் அந்தப் பகுதி முழுவதற்குமே நீர் விநியோகம் தடைப்பட்டிருந்தது என்பதும், அந்த வீட்டம்மா எங்களுக்காகத் தொலைவிலிருந்து குடத்தில் நீர் கொண்டுவந்தார் என்பதும் பின்னரே தெரியவந்தது. நான் சொன்னதைக் கேட்டு எத்தனை பேர் அங்கே போகாமல் விட்டார்கள் என்பதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன். அன்று காலை ஐந்து நிமிடம் உட்கார்ந்து அவரிடமே கேட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை நகை வாங்கும்போது பற்றுச்சீட்டில் எடை, கரட், செய்கூலி, சேதாரம், கல் இருந்தால் கல்லின் எடை ஆகிய ஐந்தையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். பழைய நகையை மாற்றும்போது உள்ளே அரக்கு இருந்தால் அதன் எடையையும் கழித்து எழுதச் சொல்லுங்கள். செட்டியார் தெருவின் நகைக்கடைகள் பல, தலைமுறைகளாக ஒரே குடும்பங்களின் நம்பிக்கையில் நடப்பவை. இந்தக் கேள்விகளால் நேர்மையான கடைக்காரர் யாரும் மனம் நோக மாட்டார்.

வெள்ளவத்தை வாசகி: எனக்கு வயது 63. ரொறன்ரோவில் இருக்கும் மகன் வரும் புரட்டாதியில் என்னை அழைத்து, நயாகராப் பக்கம் வைன் தோட்டங்களைக் காட்டப் போவதாகச் சொல்கிறான். காலி வீதியில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்ற பெயர்ப்பலகையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பவள் நான். குடிக்காத ஒருத்திக்கு அங்கே என்ன இருக்கிறது? நம் நாட்டில் அப்படி ஏதும் உண்டா?

அம்மா, முதலில் அந்தப் பெயர்ப்பலகை உங்கள் மனதில் ஏற்படுத்திய படத்தை மாற்ற வேண்டும். நம் ஊரில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று எழுதியிருக்கும் கடைகளில் பெரும்பாலும் விற்பனையாவது சாராயமும் பியரும்தான். கம்பி வலைக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போகும் இடம் அது. மகன் சொல்வது திராட்சை விளையும் தோட்டம், பழம் பிழியும் ஆலை, பீப்பாய்கள் அடுக்கிய நிலவறை, சுவைத்துப் பார்க்கும் கூடம் எல்லாம் ஒன்றாக அமைந்த பண்ணை. குடும்பமாகவும் முதியவர்களோடும் அங்கே வருவார்கள்.

புரட்டாதி மிகப் பொருத்தமான காலம். நயாகராக் குடாநாட்டில் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில்தான் திராட்சை அறுவடை நடக்கும். ஒன்ராறியோ ஏரி கோடையில் சேர்த்த வெப்பத்தை மெல்ல மெல்ல விடுவதால் அந்தக் கரையோரத்தில் உறைபனி தாமதமாக விழுகிறது. குளிர்நாட்டில் திராட்சை விளைவதன் இரகசியம் அந்த ஏரியில் இருக்கிறது. நயாகரா-ஒன்-த-லேக் என்ற ஊரைச் சுற்றித் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அதே மண்ணில் பீச் பழமும் விளைகிறது. வீதியோரப் பழக்கடைகளில் மகனை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

அங்கே உங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது ஐஸ்வைன் என்ற இனிப்பு வைன் பற்றிய விளக்கம் என்று நினைக்கிறேன். அதற்கான பழத்தை அறுவடைக் காலத்தில் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் வெப்பநிலை மறை 8 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இரவுக்காகக் காத்திருந்து, பழம் உறைந்து கல்லாக இருக்கும்போதே பறித்து, உருக விடாமல் பிழிகிறார்கள். பழத்திலுள்ள நீர் பனிக்கட்டியாக ஆலையிலேயே தங்கிவிட, இனிப்பும் புளிப்பும் செறிந்த சாறு மட்டும் துளித்துளியாக வரும். வழக்கமாகக் கிடைக்கும் சாற்றில் ஒரு சிறு பங்கே கிடைப்பதால்தான் அது 375 மில்லிலீற்றர் சிறு போத்தல்களில், அத்தனை விலைக்கு விற்கப்படுகிறது. தடித்த தோலுள்ள விடால் என்ற திராட்சை இதற்கு அதிகம் பயன்படுகிறது. இனிஸ்கிலின் என்ற ஆலை 1984 இல் தன் முதல் ஐஸ்வைனைச் செய்த பின்னரே இந்தப் பகுதி அதனால் உலகறியப்பட்டது. பறவைகள் கொத்தாமல் வலை போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, நள்ளிரவுக் குளிரில் பறிக்கும் அந்த உழைப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குக் குடிப்பவராக இருக்க வேண்டியதில்லை.

சுவைக்கும் கூடத்தில் சிறிதளவே ஊற்றுவார்கள். மணம் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம், வாயில் வைத்துத் துப்புவதற்கும் பாத்திரம் இருக்கும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் சுவைப்புக் கட்டணம் மகனுக்கு மட்டும் ஆகலாம். அதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: வாகனம் ஓட்டுபவர் அன்று சுவைக்கக் கூடாது. மகன்தான் சாரதி என்றால் இதை நீங்கள் தாயாகச் சொல்லலாம்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட பெரிய வைன் பண்ணைகளை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் திராட்சைத் தோட்டம் யாழ்ப்பாணத்தில் நிறையவே உண்டு. செம்மண்ணில் பந்தல் போட்டு, ‘இஸ்ரேல் புளூ’ என்ற கருநீல வகையை வளர்க்கிறார்கள். குளிர்காலம் இல்லாத நம் மண்ணில் கொடி தானாக உறங்காது. கவ்வாத்துப் பண்ணித்தான் அதைப் பூக்க வைக்க வேண்டும் என்பதால், எந்த மாதம் பழம் வேண்டும் என்பதை விவசாயியே ஓரளவு தீர்மானிக்கிறார். தோலகட்டியில் 1928 இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் துறவிகள் செய்யும் திராட்சை வைனும் நெல்லிரசமும் வடக்கில் பலருக்கும் தெரிந்தவை. நெல்லிரசத்தில் மது இல்லை. நீங்கள் கனடாவுக்குப் போகும் முன்னர் அதை ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் நாட்டின் உண்மையான வைன் கள்ளுத்தான். காலிக்குப் போகும் கரையோரப் புகையிரதத்தில் வாதுவை, களுத்துறை கடக்கும்போது தென்னைகளின் உச்சியில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் கயிறுகளைப் பாருங்கள்; அவற்றின்மேல் நடந்தே பாளை சீவுபவர்கள் அடுத்த மரத்துக்குப் போகிறார்கள். இறக்கிய சாறு சில மணி நேரத்தில் தானாகவே புளிக்கத் தொடங்கும். முட்டியில் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராக இருக்கும். கள்ளை வடித்து, ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிர வைத்ததே தென்னஞ்சாராயம். நயாகராவின் ஐஸ்வைனுக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதிகூட இந்த உழைப்புக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

பம்பலப்பிட்டி வாசகர்: உணவகத்தில் விலைப்பட்டியலில் இருந்ததைவிடப் பற்றுச்சீட்டில் கணிசமாகக் கூடியிருந்தது. ஏமாற்றப்பட்டேனா?

பற்றுச்சீட்டைப் பிரித்துப் பாருங்கள். சேவைக் கட்டணம் என்று பெரும்பாலும் 10 சதவீதம் சேர்ப்பார்கள். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். வரியை அதற்குப் பதிவு செய்த நிறுவனமே அறவிடலாம், பதிவிலக்கம் சீட்டில் இருக்க வேண்டும். இலக்கமின்றி வரி மட்டும் இருந்தால் பொறுப்பாளரை அழைத்துக் கேளுங்கள். தண்ணீர்ப் போத்தல் போன்றவற்றில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் குற்றம். கேட்டும் திருத்தாவிட்டால் அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சீட்டைத் தவறவிடாமல் வைத்திருங்கள்.

ஹெந்தளை வாசகி: இலண்டனிலிருந்து வரும் தங்கையின் பிள்ளைகளுக்கு (11, 14 வயது) ஒரே நாளில் கொழும்பைக் காட்ட வேண்டும். கடைத்தொகுதிகளுக்குப் போக விருப்பமில்லை. எங்கே தொடங்குவது?

கொச்சிக்கடையில், வெயில் ஏறும் முன்பு. அங்கே ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் 1857 இல் அமைத்தார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதை முழுவதும் கருங்கல்லில் மீண்டும் கட்டினார். வெளியே பேருந்துகள் இரைந்துகொண்டிருக்க, உள்ளே கல்லின் குளிர்ச்சி காலடியில் ஏறும். பிள்ளைகளை அங்கே பத்து நிமிடம் சும்மா உட்கார விடுங்கள், விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அருகிலேயே புனித அந்தோனியார் ஆலயம். அங்கே செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் வருவதைப் பார்க்கலாம். மேட்டில் 1757 இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வூல்வெண்டால் தேவாலயம் இருக்கிறது. அங்கிருந்து செட்டியார் தெருவின் இரண்டு கதிரேசன் கோயில்களைக் கடந்து, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலுக்கு நடந்தே வரலாம். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுகிறது. பிள்ளைகள் ஆடியில் வந்தால் அந்த நாளையே தெரிவு செய்யுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் 1877 இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலைக்குப் போங்கள். கண்டி மன்னர்களின் சிம்மாசனத்தைப் பார்க்க எல்லோரும் கூடுவார்கள். 1693 இல் ஒல்லாந்தர் கொடுத்தது, ஆங்கிலேயர் எடுத்துச்சென்று 1934 இல் திருப்பித் தந்தது. அதைப் பார்த்த பின் பிள்ளைகளை மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் நிறுத்துங்கள். இதற்காகவே அங்கே போகலாம் என்பேன். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409 என்று ஆண்டு பொறித்த கல் அது. காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் விஷ்ணுவின் வடிவமான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்குமாக ஒரே மாதிரியான காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் உலகின் மிகப்பெரிய கப்பற்படை ஒன்று இந்தத் தீவில் பேச வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைக் கருதியிருக்கிறது என்பதை, இலண்டனில் தமிழ் வகுப்புக்குப் போக அடம்பிடிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பது நல்லது. எழுத்து தேய்ந்திருக்கும், பழைய வடிவம். ஓரிரு எழுத்தைத்தான் அடையாளம் காண முடியும். அதுவும் போதும்.

மாலையில் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859 இல் அமைந்த திடல். இறால் வடையைக் கண்ணெதிரே பொரித்துத் தருபவரிடம் வாங்குங்கள். பொரித்து அடுக்கி வைத்திருப்பதை வேண்டாம் என்று சொல்லலாம். முச்சக்கரவண்டி பிடித்தால் மீற்றர் ஓடுகிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள்.

தெஹிவளை வாசகி: வீட்டிலிருந்து அலுவலகங்களுக்குச் சோற்றுப் பார்சல் செய்து கொடுக்கிறேன். ஒருவர் என் சோறு புளித்திருந்தது என்று எல்லோருக்கும் எழுதிவிட்டார். ஒரே வாரத்தில் பாதி வாடிக்கை போய்விட்டது. எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் என்ன செய்வது?

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதலில் அவரை அழையுங்கள். மறுத்துப் பேசவோ மன்றாடவோ வேண்டாம். எந்த நாள், எந்தக் கறி, பார்சல் எத்தனை மணிக்குக் கையில் கிடைத்தது, எத்தனை மணிக்குப் பிரித்தார் என்ற நான்கையும் மட்டும் கேளுங்கள். அவர் முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கக் கூடும், உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லாமலே.

கொதிக்கக் கொதிக்கச் சோற்றை இறுக்கிக் கட்டினால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே நீராகும். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் உயிர்வாழும் சில கிருமிகளின் வித்துகள் அவிக்கும் சூட்டிலும் சாவதில்லை, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைக்கின்றன. காலை எட்டரைக்குக் கட்டிய பார்சல் ஒரு மணிக்குப் பிரிக்கப்பட்டால் நான்கரை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடந்திருக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறியும் பருப்பும் சோற்றோடு சேர்ந்திருந்தால் இன்னும் விரைவில் கெடும். ஆகவே கட்டும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பதினொன்றரைக்குக் கட்டி, பன்னிரண்டரைக்குள் கொடுக்க முடிந்த அலுவலகங்களை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பால்கறியைத் தனியாகக் கொடுங்கள். வெயில் கடுமையான நாட்களில் பால் சேர்க்காத கறிகளைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே அழைத்துச் சமையலறையைக் காட்டுங்கள். அவர் சொல்வதைச் செய்துவிட்டு, செய்ததைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு எழுதி அறிவியுங்கள்.

அதன்பின் அந்த முறைப்பாட்டுக்காரருக்கு ஒரு பார்சலைப் பணம் வாங்காமல் அனுப்புங்கள். கட்டிய நேரத்தையும் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் ஒரு சிறு தாளில் எழுதி மேலே ஒட்டுங்கள். எல்லாப் பார்சல்களிலும் அந்தத் தாள் இனி இருக்கட்டும். அவர் அதைப் பற்றியும் எழுதுவாரா என்பதை அடுத்த மாதம் எனக்குத் தெரிவியுங்கள்.